ஒதிலியாவின் கடைசி ஜாடி

என் பெண்டாட்டி நில்டாவுக்குப் பொய் சொல்ல வராது. பக்கத்து வீட்டுக்காரி ஆசையாகக் கேக் செய்து கொண்டுவந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அடிப்பிடிச்சிருக்கு" என்பாள். அதனாலேயே எங்களை விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ஆனால் அவள் ஒன்று சொன்னால் ஊர் அப்படியே நம்பும். நானும் நம்பினேன், போன செப்டம்பரில் சோண்டா காற்று அடித்த அந்தப் பகல் வரைக்கும்.

சோண்டா என்பது மலையிலிருந்து இறங்குகிற அனல் காற்று. அது வருவதற்கு முன்பே எனக்குத் தலை இடிக்கத் தொடங்கிவிடும். நாய்கள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தக் காற்றில் எங்கள் எல் சௌசால் ஊரில் யாரும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். சண்டை மட்டும் தானாகத் தொடங்கும்.

கஸ்பார் அந்தக் காற்றுக்கு முந்தின நாள் வந்து இறங்கினான். எங்கள் பக்கத்து வீட்டு ஒதிலியாவின் ஒரே மகன். மீசை முளைக்கும் வயதில் ஊரை விட்டுப் போனவன், கடல் தாண்டிப் பார்சிலோனாவில் விளம்பரக் கம்பெனியில் வேலை. அம்மா சாவுக்கு வரவில்லை. இப்போது பெண்டாட்டி மெர்ச்சேயோடு, இன்னும் நான்கைந்து ஸ்பெயின்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, தின்பதற்கும் குடிப்பதற்கும் என்றே ஒரு சுற்றுலா வந்திருந்தான். அவன் அப்பன் திராட்சைக் கூடை சுமந்த அதே ஒயின் ஆலையில் இப்போது பணக்காரர்கள் தங்க அறைகள் கட்டியிருக்கிறார்கள். அங்கேதான் தங்கினான். அந்த அறைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைப்பது என் நில்டா. அவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றிய வாடகை வேன் என்னுடையது.

பகல் சாப்பாட்டுக்குப் பெருந்தன்மையாக என்னையும் மேஜையில் உட்காரச் சொன்னான். முகம் பார்க்கலாம் போல ஒரு பெரிய தட்டு, நடுவில் கறி வைத்து மடித்துச் சுட்ட ஒரே ஒரு எம்பனாடா. நாங்கள் நின்றபடி நாலு தின்றுவிட்டு வேலைக்குப் போகிற சாமான் அது. அதை விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேறு வந்து நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஹசிந்தோ அண்ணே, இந்தக் கிளாஸ்ல என்ன வாசம் வருது, சொல்லுங்க பாப்போம்" என்றான் கஸ்பார்.

"ஒயின் வாசம்தான்டா வருது. பின்ன மாட்டுச்சாணி வாசமா வரும்?"

மெர்ச்சே விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல பெண். கஸ்பாரும் சிரித்தான். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கண் கலங்க, என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இதெல்லாம் சும்மா அண்ணே. நான் இவ்ளோ தூரம் வந்தது ஒண்ணே ஒண்ணுக்காகத்தான். நாளைக்கு அம்மாவுக்கு வருஷம். அவங்க கடைசி ஜாடி இருக்குமில்ல?"

கையிலிருந்த எம்பனாடாவைத் தட்டில் வைத்துவிட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போனவர் கடைசியாகச் செய்து வைத்த பண்டம் எதுவோ, ஜாமோ, ஊறவைத்த ஆலிவோ, கறியோ, அதில் ஒரு ஜாடியை ஒரு வருடம் மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். வருஷ நாளன்று குடும்பம் உட்கார்ந்து அதைத் திறந்து, ஆளுக்கொரு வாய் சாப்பிடும். அதைத் தூக்கிப்போட யாருக்கும் கை வராது. தூக்கிப்போட்டால் செத்தவரையே குப்பையில் போட்டது போல.

ஒதிலியாவின் ஜாடி இருந்தது. அதில் இருந்தது விஸ்காச்சாக் கறி. வயல் ஓரத்தில் வளை தோண்டி வாழும் பிராணி, முயலைவிடக் கொஞ்சம் பெரிசு. அதன் கறியை வேகவைத்து, வெங்காயம், கேரட், மிளகு போட்டு, வினிகரும் எண்ணெயும் ஊற்றி ஜாடியில் அடைப்போம். ஒதிலியா கைக்கு அதில் ஈடு கிடையாது. ஆனால் இந்த ஜாடியில் வினிகர் இல்லை.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் நில்டாவின் கதையைத்தான் சொல்ல வேண்டும். அவள் எங்கள் ஊர்க்காரி இல்லை. வடக்கேயிருந்து அறுவடைக்கு வந்த திராட்சை வெட்டுகிற கூட்டத்தில் அப்பனோடு வந்தவள். வந்த இடத்தில் காய்ச்சல் கண்டது. அறுவடை முடிந்ததும் கூட்டம் அடுத்த பண்ணைக்குப் போய்விட்டது, அப்பனும் போய்விட்டான். பாதையோரத்தில் கிடந்தவளை ஒதிலியா தூக்கிப் போய்த் தன் கட்டிலில் படுக்க வைத்துக்கொண்டு, தான் தரையில் படுத்தாள். பிழைத்து எழுந்தவள் எங்கேயும் போகவில்லை. ஒதிலியா வீட்டுக் கிணற்றடியில்தான் நான் அவளை முதலில் பார்த்தேன். பார்த்ததும் ஏதோ உளறினேன். "உங்க சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றாள். அடுத்த வருடமே கட்டிக்கொண்டேன்.

ஒதிலியாவுக்கு வயதான பிறகு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு ஆட்கள். தலை இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு நாள், நில்டாவைப் பிடித்து மாதா படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கிவிட்டாள். மகனிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பான், இல்லையென்றால் தன்னை நகரத்தில் எங்கோ விடுதியில் கொண்டுபோய் அடைப்பான். இரண்டுமே வேண்டாம். உயிர் கொடுத்தவள் கேட்கும்போது நில்டா என்ன செய்வாள்? சத்தியம் செய்தாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், துணி மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் போன் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பேச வேண்டும் என்று ஒதிலியா காதில் சொல்லிக் கொடுப்பாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று நான் திட்டினால் என்னையும் அடக்கிவிடுவாள்.

சாவதற்கு முந்தின குளிர்காலத்தில், வேட்டைக்குப் போன யாரோ ஒதிலியா வீட்டு வாசலில் விஸ்காச்சாக்களை வைத்துவிட்டுப் போனார்கள். நில்டா வேலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால், கிழவி தனியாகச் சமைத்து, வரிசையாக ஜாடிகளை மூடி வைத்திருக்கிறாள். மிளகு உண்டு, எண்ணெய் உண்டு. வினிகர் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கவே இல்லை. பக்கத்து ஊரில் இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் ஒரு குடும்பமே படுத்தது, இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. அப்போது சுகாதார நிலையத்து நர்ஸ் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். புளிப்பில்லாமல் காற்றுப் புகாமல் அடைத்த கறியில் ஒரு விஷம் ஊறும். நாற்றம் வராது, நிறம் மாறாது, ருசியும் கெடாது. தின்றவனுக்கு அடுத்த நாள்தான் தெரியும்.

நில்டா எல்லா ஜாடிகளையும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். ஒன்றை மட்டும் ஒதிலியா விடவில்லை. "இது கஸ்பாருக்கு" என்று நெஞ்சோடு கட்டிக்கொண்டு தூங்கினாள். கட்டினவன் பேர் மறந்துபோச்சு, தன் பேரே மறந்துபோச்சு, அது மட்டும் மறக்கவில்லை. அவள் போன பிறகு நில்டாவுக்கு அதைப் புதைக்க மனம் வரவில்லை. மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, "வருஷம் முடிஞ்சதும் நானே புதைச்சிடறேன்" என்றாள். விஷத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக் கும்பிடுகிற புத்தி எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் வராது. நானும் சரி என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று மாலை நானும் நில்டாவும் கஸ்பாரைக் கூட்டிக்கொண்டு ஒதிலியா வீட்டுக்குப் போனோம். நில்டா கதவைத் திறந்தாள். அவன் நேராகப் போய் மாதா படத்தை நகர்த்தி ஜாடியை எடுத்துவிட்டான். எங்கே இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைதானே, தெரியாதா!

"அத வச்சிடு கஸ்பார். பழசாயிடுச்சு, கெட்டுப்போயிருக்கும்" என்றாள் நில்டா. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "மூடி துளிகூட உப்பல. எண்ணெய் தெளிவா நிக்குது பாருங்க. எப்படிக் கெட்டுப்போகும்?"

"வினிகர் பத்தாது அதுல."

அவன் சிரித்துவிட்டான். "எங்கம்மாவுக்கா வினிகர் அளவு தெரியாது? நில்டாக்கா, அவங்க கைமணத்து மேல உங்களுக்கு எப்பவுமே ஒரு பொறாமை. ஒத்துக்கோங்க."

நில்டா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு" என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். அவன் ஜாடியைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நாளைக்கு மத்தியானம் இதே வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு, அம்மா கை ருசியை அவன் நண்பர்களும் பார்க்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் நில்டாவைப் பார்த்துக் கத்தினேன். "ஏய் கெழவி, அவன்கிட்ட சொல்லித் தொலையேன்! உங்கம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, அந்த நேரத்துல செஞ்சதுன்னு ஒரே வார்த்தை!"

"மாதா மேல சத்தியம் பண்ணிருக்கேன்யா."

"நான் பண்ணலியே. நான் சொல்றேன்."

"நீ சொன்னா நம்புவானா? ஊர்ல உன் வாய்க்கு என்ன மரியாதைன்னு எனக்குத் தெரியாதா?"

அதுவும் உண்மைதான். மழை வரும் என்று நான் சொன்னால் ஊரில் துணி காயப்போடுவார்கள். ஆனாலும் போன் செய்தேன். கஸ்பார் எடுத்தான், பின்னால் கிட்டாரும் சிரிப்பும். அந்த ஜாடி விஷம்டா என்றேன். "அண்ணே, ரெண்டு கிளாஸ் அதிகமா போயிடுச்சா? போய்ப் படுங்க" என்று வைத்துவிட்டான். வெளியே காற்று இன்னும் தொடங்கவில்லை, ஆனால் நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே சோண்டா இறங்கிவிட்டது. வானம் செங்கல் நிறம். பாப்லர் மரங்கள் பாதி வரைக்கும் வளைந்தன. மின்சாரம் போனது. இந்தக் காற்றில் எவன் விருந்து வைப்பான் என்று எனக்கு ஒரு நப்பாசை. ஸ்பெயின்காரர்களுக்கு அதெல்லாம் வேடிக்கை. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி வந்து இறங்கினார்கள். வாதுமை மரத்தடியில் போட்ட மேஜையைத் தூக்கி உள்ளே போட்டோம். ஜன்னல் சந்துகளில் ஈரத்துணி அடைத்தும் புழுதி வந்துகொண்டே இருந்தது. மேஜையில் சுட்ட கறி, ரொட்டி, கறுத்த ஒயின், நடுவில் ஒதிலியாவின் ஜாடி.

நில்டா சமையலறை வாசலில் நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் செய்கிறாளா, சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி மாதாவிடம் கெஞ்சுகிறாளா, தெரியவில்லை. கஸ்பார் எழுந்து நின்று அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை பேசினான். அழகாகத்தான் பேசினான், அழுதான். மூடியைத் திருகினான். மூடி எங்கள் வீட்டு மூடி போலவே 'டக்'கென்று நல்ல சத்தத்தோடு திறந்தது. வழக்கப்படி முதலில் ரொட்டியைக் கிள்ளி எண்ணெயில் தோய்த்தான். நான் எதிர்ப்பக்கத்தில் நாற்காலிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, "டேய், டேய்!" என்கிறேன், காற்றுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பிறகு ஒரு துண்டு கறியை முள்கரண்டியில் குத்தி மெர்ச்சே பக்கம் நீட்டினான். அவள் வாயைத் திறந்தாள்.

"தொடாதே!" நில்டாவின் சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். "யாரும் தொடாதீங்க. கஸ்பார், உங்கம்மா அதைத் தெளிஞ்ச புத்தியோட செய்யல. கடைசி ரெண்டு வருஷம் அவங்களுக்கு ஒண்ணுமே நெனப்புல இல்ல. வினிகரே ஊத்தல. அது விஷம்டா."

கஸ்பாரின் முகம் சிவந்தது. "என்ன பேசறீங்க? ஞாயித்துக்கிழமை தவறாம நான் பேசினேன். சாகறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் பேசினேன்! சாப்பிட்டியான்னு கேட்டாங்க. மெர்ச்சே முதுகுவலி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. புத்தி பேதலிச்சவங்க இப்படியெல்லாம் கேப்பாங்களா? ஏன் இப்படிச் செத்தவங்க மேல சேத்தை வாரிப் பூசறீங்க?"

கரண்டி இன்னும் மெர்ச்சேயின் வாய்க்கு முன்னால்தான் இருந்தது. நில்டா கண்ணை மூடினாள். அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு அவள் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கஸ்பாரித்தோ... காத்துல நிக்காதடா கண்ணு. சாப்பிட்டியா? மெர்ச்சேக்கு முதுகு எப்படி இருக்கு? என் ராசால்ல, அதைக் கீழ வை."

அது ஒதிலியா. மூச்சை இழுத்து இழுத்துப் பேசுகிற அதே ஒதிலியா. செத்து ஒரு வருடம் ஆனவள். மாதாவே, இத்தனை வருடம் ஒரே படுக்கையில் படுத்தவன், எனக்கே இது தெரியாது! ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வண்டியோடு போய்விடுவேன். அடிப்பிடித்த கேக்கை அடிப்பிடித்தது என்று சொல்கிற என் நில்டா, பக்கத்து வீட்டில் உட்கார்ந்து வாரா வாரம் இதைச் செய்திருக்கிறாள்.

கரண்டி தட்டில் விழுந்தது. கஸ்பார் உட்கார்ந்துவிட்டான்.

"எப்பலேருந்து?" என்றான்.

"அவங்க போறதுக்கு முந்தின கிறிஸ்துமஸ்லேருந்து" என்றாள் நில்டா, இப்போது தன் குரலில். "அவங்களுக்குப் போன் அடிச்சாலே பயம் வந்துடுச்சு. காதுல வச்சா அழுவாங்க. நீ விடாம அடிச்சே. ஒரே ஒரு தடவைன்னுதான் எடுத்தேன். அப்புறம் எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல."

"அப்போ நான் எங்கம்மாகிட்ட கடைசியா..." என்று தொடங்கினான், முடிக்கவில்லை. தன் கையைப் பார்த்தான். கையில் ரொட்டியின் மிச்சம் இருந்தது. எண்ணெயில் தோய்த்த பக்கம் இல்லை.

"முழுங்கிட்டியா?" என்றேன்.

ஆமென்று தலையை ஆட்டினான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்கப் புழுதி. விளக்கைப் போட்டும் ரோடு தெரியவில்லை. ஒரு பாப்லர் கிளை முறிந்து பானெட் மேல் விழுந்தது, நிறுத்தாமல் போனேன். ஜாடியைத் துணியில் சுற்றி நில்டா காலடியில் வைத்திருந்தாள், டாக்டர் கேட்பார் என்று. பின்சீட்டில் மெர்ச்சே கஸ்பாரின் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. எவ்வளவு தின்றான், எப்போது என்று கேட்டாள், ஜாடியை வாங்கிச் சோதனைக்கு அனுப்பினாள். மாற்று மருந்து நகரத்திலிருந்து வர வேண்டும் என்றாள். காற்றினால் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. கஸ்பார் நன்றாகத்தான் இருந்தான், எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மறுநாள் காலையில் காற்று நின்று வானம் கழுவி விட்டது போல் இருந்தது. நான் காபியோடு உள்ளே போனேன்.

"அண்ணே, ஏன் ரெண்டு பேரா நிக்கிறீங்க?" என்றான். அவன் இமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. நாக்கு குழறியது, தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை, கை தூக்க வரவில்லை. மருந்து வந்து ஏற்றினார்கள். அதற்குள் விஷம் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. மூச்சுக்கு மெஷின் வைத்து, வாயில் குழாய் போட்டு, நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவருக்கு மயக்கம் இல்ல. எல்லாம் கேக்குது, எல்லாம் புரியுது. கண்ணத் தொறக்க முடியல, அவ்வளவுதான். பக்கத்துல இருந்து பேசிக்கிட்டே இருங்க."

மெர்ச்சே எங்கள் மேல் காறித் துப்பியிருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் நில்டாவின் கையைப் பிடித்தாள். "நான் பேசினா துடிப்பு ஏறுது. பயப்படறாரு. நீங்க பேசுங்க. அவங்கம்மா மாதிரி."

"மாட்டேன். செத்தவங்க குரல எடுத்ததுக்குத்தான் இவ்வளவும் வந்துச்சு. போதும்மா."

"உங்க கால்ல விழறேன்."

நில்டா போய் உட்கார்ந்தாள். "கஸ்பாரித்தோ" என்றாள். மெஷினில் எகிறிக்கொண்டிருந்த எண் மெல்ல இறங்கியது. அன்று தொடங்கியது, வாரக்கணக்காக நடந்தது. பொழுது விடிந்தால் பஸ் ஏறிப் போவாள், இருட்டினால் திரும்புவாள். அவன் பிறந்த கதை, வாய்க்காலில் விழுந்த கதை, பல் விழுந்த கதை, ஒதிலியா சொன்னதையெல்லாம் ஒதிலியாவாகச் சொன்னாள். என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. வெளியே போய்ச் சிகரெட் பிடிப்பேன். வீட்டுக்கு வந்தால் நில்டா பேசுவதில்லை. நான் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள், கையைக் காட்டுவாள். களைத்துப் போயிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில் ஒரு நாள் அவன் விரல் அசைந்தது. பிறகு கண். கடைசியில் குழாயை எடுத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். எலும்பும் தோலுமாக இருந்தான். நில்டா பழக்கத்தில் குனிந்து, "கஸ்பாரித்தோ, தண்ணி வேணுமாடா கண்ணு?" என்றாள்.

அவன் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"போதும் நில்டாக்கா. எங்கம்மா செத்துட்டாங்க. இனிமே உங்க குரல்லயே பேசுங்க."

மெர்ச்சே அழுதாள், நானும்தான். நில்டாவும் அழுதுகொண்டே அவன் நெற்றியைத் தடவினாள். "சரிப்பா" என்றாள். அது ஒதிலியாவின் குரலில் வந்தது. திடுக்கிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே குரல். கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.